காருக்கு ஐம்பது வயசானா மரியாதை, பஸ்ஸுக்குப் பதினைஞ்சு ஆனா காயலாங்கடையா?

நாத்து, மாடு, மழைன்னு எழுதுற இடத்துல இன்னைக்கு பஸ்ஸைப் பத்தி எழுதப் போறேன். எங்களுக்கு பஸ்ஸும் ஒரு விவசாயக் கருவிதான். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் ராத்திரி கட்டுன கீரை, விடியறதுக்குள்ள வண்ணாரப்பேட்டை போய்ச் சேரணும். வெயில் ஏறி வாடிப்போச்சுன்னா கேட்ட விலைக்குத் தள்ளிட்டு வரணும். கல்யாணத்துக்குத் துணி எடுக்கணும்னாலும் எங்க ஜனம் போறது எம்.சி. ரோட்டுக்குத்தான். ரயில் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவுல கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு யார் நடக்கிறது?

ஒரு பஸ்ஸை 'கண்டம்' பண்ணினா, பல சமயம் அது ஓடிக்கிட்டிருந்த ட்ரிப்பும் சேர்ந்து கண்டம் ஆகுது. மாத்து வண்டி வரும்னு சொல்வாங்க. வரும், ஆனா கிராமத்து ரூட்டுக்குக் கடைசியாத்தான் வரும். 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசு கிடையாது. ரொம்ப நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். ஆனா பஸ்ஸே வராத நிறுத்தத்துல நிக்கிற அம்மாவுக்கு இலவச டிக்கெட் எதுக்கு ஆகும்?

அதனால நான் கேட்கிறது இதுதான்: பழைய பஸ்ஸை உடைக்காதீங்க. சேசிஸ் நல்லா இருந்தா, உள்ள இருக்கிற இஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழட்டிட்டு, இந்தக் காலத்து மோட்டாரைப் பூட்டி, மறுபடியும் ஜனத்தை ஏத்தி ஓட்டுங்க. இதைச் சொன்னா, "பழசு மேல அவ்வளவு ஆசையா?"ன்னு சிரிக்கிறாங்க. ஆசை எங்களுக்கு இல்லைங்க, சட்டத்துக்குத்தான் இருக்கு. அதுவும் யாரோட பழசு மேலன்னு பாருங்க.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 'விண்டேஜ்' வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும் தனிப் பதிவு, 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். இது டிரைவரைத் தவிர 8 பேர் வரைக்கும் உட்காருகிற கார் வகையோடு முடிந்துவிடுகிறது. 50 பேர் உட்கார்ந்து போன பஸ்ஸுக்கு அதில் இடமே இல்லை.

அடுத்த விதி 2023 ஜனவரியில் வந்தது. அரசு வண்டி, மாநகராட்சி வண்டி, அரசுப் போக்குவரத்துக் கழக பஸ், எதுவாக இருந்தாலும் 15 வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, உடைக்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமல்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. ஜமீன் வீட்டுக் கொட்டகையில நின்ன காருக்கு 50 வயசுல பொன்னாடை. கீரைக்காரம்மாவையும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் சுமந்த பஸ்ஸுக்கு 15 வயசுல காயலாங்கடை. வண்டி எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பார்த்தா சொன்னாங்க? இல்ல, வயசை மட்டும் பார்த்துச் சொல்லிட்டாங்க.

சரி, தனியார் ஒருத்தர் நிஜமாவே அரை நூற்றாண்டு பழைய பஸ் ஒண்ணைக் காப்பாத்தி வெச்சிருக்காரு, அதையும் விண்டேஜ்ல சேர்த்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். அப்பவும் பிரயோஜனம் இல்ல. விண்டேஜ்னா பெரிய மாற்றம் எதுவும் செய்யாம பழைய உருவத்துலயே இருக்கணும், தினசரி உபயோகமும் வாடகை ஓட்டமும் கூடாது. ஆக, இஞ்சினை மாத்தினா அது விண்டேஜ் இல்ல. மாத்தலன்னா ஜனத்தை ஏத்தக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறதும் ஒண்ணுதான், உடைச்சுப் போடுறதும் ஒண்ணுதான். ரெண்டுலயும் ஜனம் ஏற முடியாது.

இந்த பஸ்ஸெல்லாம் வேற நாட்டுல இருந்து வந்து இறங்கினது இல்லைங்க. வண்ணாரப்பேட்டையில இருந்து வடக்கே கடலோரமா திருவொற்றியூர் தாண்டிப் போனா எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த ஆலை, 1950-களில் லேலண்டின் காமெட் சேசிஸ் பக்கம் திரும்பியது. 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. தமிழ்நாட்டு ரோட்டுல நாம ஏறி இறங்கின பஸ்ல பெரும்பங்கு அந்த வீட்டுப் பிள்ளைங்கதான்.

அந்த வண்டியோட அமைப்பே மாத்துறதுக்குத் தோதானது. ஏணி மாதிரி சேசிஸ் தனி, மேல கட்டுற பாடி தனி. வெறும் சேசிஸை, கூரை கூட இல்லாம, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு டிரைவருங்க கரூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போறதை நெடுஞ்சாலையில பார்த்திருப்பீங்க. இஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டீசல் டேங்க் நாலையும் இறக்கிட்டா, பின் அச்சுக்குப் போற ஷாஃப்ட்டுல மின் மோட்டாரைச் சேர்க்கலாம். பேட்டரியை ஒரே இடத்துல குவிக்காம சேசிஸோட ரெண்டு பக்கமும் பிரிச்சு வைக்கணும், இல்லன்னா ஒரு அச்சு மேல பாரம் ஏறிடும். ஏர் பிரேக்குக்குக் காத்து அடிச்சதும், பவர் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் தள்ளினதும் இஞ்சின்தான். அது போயிட்டா ரெண்டுக்கும் தனித்தனி மின் பம்பு வேணும். வேலை இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா மந்திரம் ஒண்ணும் இல்ல. மின் மோட்டார் பூட்டுறதுக்கு ஏஐஎஸ் 123 என்று தரநிர்ணயமே இருக்கிறது. சோதிச்சுப் பார்க்க ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

கிராமத்துல இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஏத்தம் போச்சு, ஆயில் இஞ்சின் வந்துச்சு. அது போய் கரண்ட் மோட்டார், இப்ப சோலார். ஒவ்வொரு தடவையும் கிணத்தையா மூடிட்டுப் புதுசு தோண்டினோம்? கட்டை வண்டிக்கு மரச்சக்கரத்தைக் கழட்டிட்டு டயர் போட்டோம், மாட்டுக்குப் பாரம் குறைஞ்சுது. வண்டியை அடுப்புல வைக்கல. வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்துல காசிமேட்டுல போய்க் கேளுங்க. படகுல இஞ்சின் படுத்துட்டா வேற இஞ்சின் இறக்குவாங்க, படகை உடைக்க மாட்டாங்க.

வெளியூர்க் கதை வேணுமா? லண்டன்ல சிவப்பு நிற மாடி பஸ், 'ரூட்மாஸ்டர்'. 1968-லேயே அதைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் 1990-களில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குப் பழைய இஞ்சினை இறக்கி, கம்மின்ஸ், இவெகோ இஞ்சின் ஏற்றினார்கள். வழக்கமான ரூட்டில் அது கடைசியாக ஓடியது 2005 டிசம்பரில். உற்பத்தி நின்னு 37 வருஷம், தினமும் டிக்கெட் கிழிச்சு, ஜனத்தை ஏத்தி ஓட்டியிருக்காங்க. அவங்களுக்குப் புது பஸ் வாங்கக் காசில்லையா என்ன?

அவ்வளவு தூரம் கூட வேணாம், நம்ம அரசே பாதி வழி வந்துடுச்சு. 2023-24 மாநில பட்ஜெட்டில் 500 பழைய பஸ்களைப் புதுப்பிப்போம் என்று அறிவித்து, அந்த ஆகஸ்டிலேயே மஞ்சள் வண்ணத்தில் இறக்கினார்கள். பழைய சேசிஸ் மேல புது பாடி. 2024-ல் டீசல் பஸ்ஸை சிஎன்ஜிக்கு மாற்றியும் ஓட்டிப் பார்த்தார்கள். உடம்பை மாத்தலாம், குடிக்கிற எண்ணெயை மாத்தலாம், இதயத்தை மட்டும் மாத்தக் கூடாதா?

எதிர்ப்பேச்சு மூணு வரும். மூணுக்கும் பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, பாதுகாப்பு. எண்ணூர், ராயபுரம் கடல்காத்து இரும்பைத் தின்னும், நிஜம். சேசிஸ் அரிச்சுப்போன வண்டியை உடைக்கத்தான் வேணும், அதுல எனக்கு இரக்கமே இல்ல. ஆனா துரு வயசு பார்த்து வர்றதில்ல. மேட்டூர்ப் பக்கம் ஓடின வண்டியும் திருவொற்றியூர்ல ஓடின வண்டியும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா? ஒவ்வொரு வண்டியையும் தட்டிப் பார்த்து, வெல்டிங்கைச் சோதிச்சு முடிவு பண்ணுங்க.

ரெண்டு, படிக்கட்டு. இது ஞாயமான கேள்வி. பழைய சேசிஸைத் தாழ்தளம் ஆக்க முடியாது. சக்கர நாற்காலியில வர்றவங்களும் முட்டிவலிக்காரங்களும் ஏற சென்னைக்குள்ள 2024-ல் இருந்து தாழ்தள பஸ் விட்டிருக்காங்க. அது இன்னும் நிறைய வரணும், எங்க பக்கமும் வரணும். மோட்டார் மாத்தின பழைய வண்டி அதுக்குப் பதிலா வரக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு ட்ரிப் வர்ற ஊருக்கு ரெண்டாவது, மூணாவது ட்ரிப்பா வரட்டும்.

மூணு, "அதான் புது மின் பஸ் வந்துடுச்சே!" வந்துச்சு. வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வியாசர்பாடி டிப்போவில் 2025 ஜூன் 30-ம் தேதி 120 மின் பஸ்களைத் தொடங்கிவைத்தார்கள். சத்தமில்ல, புகையில்ல, சந்தோஷம். ஆனா அந்த வண்டிங்க ஒப்பந்தக் கம்பெனியோடது. அரசு கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு பணம் கொடுக்குது. கண்டம் பண்ணப்போற பஸ்ஸோ நம்மோடது, நம்ம வரிப்பணத்துல வாங்கினது. சொந்த மாட்டை அடிமாட்டுக்கு வித்துட்டு வாடகை மாட்டுல உழுற கணக்கு இது. பேட்டரிக்கு விலை அதிகம்தான். ஆனா கிராமத்து ரூட்டுல ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்னு கண்டக்டர் தூக்கத்துலயும் சொல்வார். அந்தத் தூரத்துக்குத் தகுந்த பேட்டரி போதும், சார்ஜ் போட டிப்போவுல வசதியும் வந்தாச்சு.

வேலைக்கு ஆளா இல்ல? வண்ணாரப்பேட்டையில ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் லேத் பட்டறை, வெல்டிங், வயரிங், டிங்கரிங்னு பரம்பரையா கை பழகின ஜனம். டீசல் இஞ்சின் போயிட்டா நாளைக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கிற மெக்கானிக்குங்க கையில இந்த வேலையைக் கொடுங்க.

கேட்கிறது மூணுதான். மத்திய அரசு, வயசை விட்டுட்டு சோதனையை வெச்சு அரசு பஸ்ஸோட ஆயுளை முடிவு பண்ணணும். விண்டேஜ் விதியில பஸ்ஸுக்கும் இடம் கொடுத்து, இஞ்சின் மாத்தி ஜனத்தை ஏத்த அனுமதிக்கணும். மாநில அரசு, வடசென்னையில ஒரே ஒரு பணிமனையில பத்துப் பஸ்ஸை மட்டும் மாத்தி, வண்ணாரப்பேட்டையில இருந்து எங்க பக்கம் ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கணும். செலவுக் கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி போடணும். நஷ்டம்னா உடைச்சுடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

ஓட்டிப் பார்க்காமலே உடைக்கிறதைத்தான் ஒத்துக்க முடியாது. பால் வத்தின மாட்டைக்கூட நாங்க மறு ஈத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் கயித்தை அவுப்போம்.