முதல் கம்ப்யூட்டரும் மூன்று மில்லிசெகண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு வரும் போன்களில் இப்போது ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. முன்பு "எந்த காலேஜ்ல போடலாம்?" என்று கேட்டவர்கள், இப்போது "பிள்ளை வீட்டிலேயே மியூசிக் பண்ணணும்ங்கறான், எந்த லேப்டாப் வாங்கித் தரலாம்?" என்கிறார்கள். கேள்விக்குப் பின்னாலேயே கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் வாட்ஸப்பில் வந்து விழும். பெரும்பாலும் அது ஒரு கேமிங் லேப்டாப்பாக இருக்கும். கீபோர்டுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும்.

அந்த விலையில் கணிசமான பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. இசை மென்பொருளுக்கு அந்த கார்டால் ஏறக்குறைய ஒரு பிரயோஜனமும் இல்லை. போதாக்குறைக்கு அதைக் குளிரவைக்கும் விசிறி, கொஞ்சம் வேலை கொடுத்ததுமே இரைய ஆரம்பிக்கும். அதே அறையில் மைக் வைத்துப் பாடப்போகிறவருக்கு இதைவிட மோசமான மெஷினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. பிள்ளை என்ன செய்யப் போகிறான் என்பதை. "மியூசிக்தான்" என்று பதில் வரும். அது போதாது.

ஏன் போதாது என்று சொல்ல ஒரு பழைய சங்கதி உதவும். 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்கு இளையராஜா பயன்படுத்தியவற்றில் யமஹா சிஎக்ஸ்5எம் என்ற கம்ப்யூட்டரும் ஒன்று. அதன் நினைவகம் 32 கேபி. இன்று காலையில் உங்களுக்கு வந்த குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. அதைக் கொண்டு எப்படி இசையமைக்க முடிந்தது என்றால், அந்தக் கம்ப்யூட்டர் ஒலியைச் சுமக்கவில்லை. எந்தக் கட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு நீளம் என்ற குறிப்புகளை மட்டும் வரிசையாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தது. ஒலியை எழுப்பும் பொறுப்பு அதனோடு இருந்த தனி எஃப்எம் சிந்தசைசருடையது. இன்றைய கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. வயலினும் அதுதான், டிரம்ஸும் அதுதான், மிக்ஸரும் எதிரொலியும் அதுதான். எல்லாவற்றையும் பிராசசர் கணக்குப் போட்டே உண்டாக்க வேண்டும். எத்தனை கணக்கு என்பது நாம் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது.

பாடுவதையும் கிதாரையும் பதிவு செய்து அடுக்குவதுதான் வேலை என்றால், அது கம்ப்யூட்டருக்கு லேசான வேலை. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி. 4 நிமிடப் பாட்டில் 20 டிராக் வைத்தாலும் 650 எம்பியைத் தாண்டாது. பத்து வயசான மெஷின்கூட இதைத் தாங்கும். பீட் பண்ணுகிறவர்கள், அதாவது எஃப்எல் ஸ்டூடியோவில் மென்பொருள் சிந்தசைசர்களை அடுக்குகிறவர்கள், பிராசசரை நேராகக் கசக்குகிறார்கள். மூன்றாவது கூட்டம், குறும்படத்துக்குப் பின்னணி இசை போட ஆசைப்பட்டு முழு ஆர்கெஸ்ட்ராவின் சாம்பிள் தொகுப்புகளை ஏற்றுகிறவர்கள். அவர்களுக்கு 32 ஜிபி ரேமும் பெரிய எஸ்எஸ்டியும் வேண்டும். தொடங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் இரண்டு கூட்டத்தில்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. வாங்குவதோ பல வீடுகளில் மூன்றாவது கூட்டத்துக்கான மெஷின்.

கடைக்காரர் சொல்லாத எண் ஒன்று உண்டு. கட்டையை அழுத்தியதிலிருந்து ஒலி காதில் விழும் வரை ஆகும் தாமதம், லேட்டன்சி என்பார்கள். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு கொத்தாகச் சேர்த்துத்தான் அனுப்பும். விநாடிக்கு 44,100 துளி, அதாவது சாம்பிள், என்ற கணக்கில், 128 சாம்பிள் கொண்ட கொத்து என்றால் சுமார் 3 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23 மில்லிசெகண்ட். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 3 மில்லிசெகண்ட் என்பது மிருதங்கக்காரர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். யாருக்கும் உறுத்தாது. 23 என்றால் அவரை எட்டு மீட்டர் தள்ளி, சபாவின் ஐந்தாறு வரிசைக்கு அப்பால் உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்வதாக அர்த்தம். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை "எனக்குத் தாள ஞானமே இல்லை போல" என்று முடிவுக்கு வந்துவிடும். பாவம், குற்றவாளி கொத்தின் அளவு.

சின்னக் கொத்து வைத்தால் பிராசசர் ஒவ்வொரு 3 மில்லிசெகண்டுக்குள்ளும் தன் கணக்கை முடித்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை தவறினால்கூட 'டப்'பென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். வேகமான மெஷினிலும் இது நடப்பதுண்டு. வைஃபை டிரைவர் போன்ற ஏதாவது ஒன்று நடுவில் புகுந்து பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் யார் அந்த ஆசாமி என்று காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் சாதாரணமாக ஒலி போகும் வழி சுற்றுவழி. அதைத் தவிர்க்க ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ என்ற குறுக்குவழிதான் இன்றும் கைகொடுக்கிறது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதற்குரிய ஆசியோ டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். வாங்காதவர்கள் இலவசமான ஆசியோ4ஆல் போட்டு ஒப்பேற்றலாம். மேக்கில் இந்தத் தலைவலி இல்லை. கோர் ஆடியோ அதனுள்ளேயே இருக்கிறது. இன்னொன்று: புளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கீபோர்டு வாசிக்க நினைக்காதீர்கள். அதன் தாமதம் நூறு மில்லிசெகண்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நல்ல கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு அது சரியில்லை என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் காதில் புளூடூத்தான் இருக்கும்.

பிராசசர் விஷயத்தில் ஸ்டிக்கரை நம்புவது நம் ஊர்ப் பழக்கம். "ஐ7 சார்" என்றால் தலையாட்டிவிடுகிறோம். 2013-இல் வந்த ஐ7-4770-ஐ விட, 2022-இல் வந்த ஐ3-12100 வேகமானது. பார்க்க வேண்டியது அடுத்து வரும் எண், அதாவது எத்தனையாவது தலைமுறை என்பது. கோர் எண்ணிக்கையிலும் மயங்க வேண்டாம். ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட எஃபெக்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும். அந்தச் சுமையை ஒரே கோர் தூக்க வேண்டும். பதினாறு பேர் சுற்றி நின்று பார்க்கலாமே ஒழிய கை கொடுக்க முடியாது. செலரான் போட்ட மலிவு லேப்டாப்பை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மென்பொருள் திறக்கும்; நான்காவது சிந்தசைசரில் மூச்சு முட்டும்.

ரேம் 8 ஜிபி இருந்தால் தொடங்கலாம், 16 இருந்தால் நிம்மதி. 8-ல் தொடங்குகிறவர்கள் பின்னால் சேர்க்க இடம் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் உலகத்தின் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்கின்றன. அதன் விலையை நம் வீட்டுப் பிள்ளை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கொடுக்கிறான்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்றதும் சொல்ல வேண்டும். குறைந்த காசில் தொடங்க நினைக்கிற வீட்டுக்கு என் முதல் சிபாரிசு, அலுவலகங்கள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த மெஷின்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசையில் சின்னப் பெட்டிகளாகக் கிடைக்கும். லேப்டாப்தான் வேண்டுமென்றால் திங்க்பேட் டி480 மாதிரியானவை. ரேமை நாமே மாற்றிக்கொள்ளலாம். "ஆபீஸ் மெஷின்ணே, எக்செல்லைத் தவிர எதுவும் ஓடல" என்பார் கடைக்காரத் தம்பி. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும்: இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாவதுக்கு முந்தைய தலைமுறைகளைப் பெரும்பாலும் முறைப்படி ஏற்பதில்லை. கடையிலேயே எஸ்எஸ்டியின் ஆயுளைக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் வேலை கொடுத்து விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள், எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். பில்லில் வாரன்டி மாதம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை வாரன்டி கடையின் படி இறங்கும் வரைதான் செல்லும்.

மேக் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். 2020 கடைசியில் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. சத்தமில்லாத மெஷின் என்பது ரெக்கார்டிங்குக்குப் பெரிய வரம். ஆப்பிளின் இசை மென்பொருளான காரேஜ்பேண்ட் இலவசம். பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால், 8 ஜிபி ரேமை மாற்ற முடியாது என்று தெரிந்தே வாங்கலாம். பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். புதிது என்றால் எம்4 மேக் மினி. 2024-இல் 16 ஜிபி ரேமோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் அந்த விலையில் இல்லை. ஹாலில் இருக்கும் டிவியை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்துக்கொள்ளலாம், சீரியல் நேரத்தில் வீட்டில் ஒப்பந்தம் போட முடிந்தால்.

ஆனால் எந்த மெஷினானாலும், இருக்கிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள் என்பதில் நான் பிடிவாதக்காரன். லேப்டாப் ஸ்பீக்கரில் பாஸ் கிதாரின் கீழ் சுரங்கள் கேட்கவே கேட்காது. கேட்காததை எப்படி மிக்ஸ் செய்வது? ஒயர் வைத்த, மூடிய ரக ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று வேண்டும். பாடுகிறவர்களுக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்சி22 போல ஒரு சின்ன இன்டர்ஃபேஸ். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் அதிலிருந்து வரும். பீட் பண்ணுகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸைக்கூடத் தள்ளிப்போடலாம், 25 கட்டை மிடி கீபோர்டு முதலில் வரட்டும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் மைக்கை மாற்றுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் எர்த்தில், இரண்டு பின் சார்ஜரிலோ எர்த் இல்லாத பிளக்பாயின்ட்டிலோ. பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்தால் தீர்ந்தது. டெஸ்க்டாப்புக்கு அந்த வசதி இல்லை, யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதத்தில் நான்கு டேக் பாடுவதற்கு எந்த மென்பொருளும் மாற்று கண்டுபிடிக்கவில்லை.

மென்பொருளுக்கு வருவோம். ரீப்பர் 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கத் தரும். பிறகு தனிநபருக்கு 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், ஆனால் சேமித்த புராஜெக்டை மறுபடி திறக்க முடியாது. இந்த இடத்தில்தான் பையன்கள் "கிராக்" தேடிப் போகிறார்கள். திருட்டு மென்பொருள் தர்மமா அதர்மமா என்ற பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட்பேங்கிங் பார்க்கிறார். கிராக்கோடு சேர்ந்து என்னென்ன உள்ளே வந்தது என்று யாருக்குத் தெரியும்?

சென்ற வாரம் அக்கா மகள் இதே கேள்வியோடு வந்தாள். "மாமா, காலேஜ்ல கவர்மென்ட் லேப்டாப் கொடுத்திருக்காங்க. அது போதாதுல்ல?" என்றாள், போதாது என்று நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பாடிப் பதிவு செய்ய நினைக்கிற பெண்ணுக்கு அது தாராளம் என்றேன். இடம் சீக்கிரம் நிரம்பும். வெளியே மாட்டும் எஸ்எஸ்டி ஒன்று போதும். அக்கா ஒதுக்கியிருந்த பணத்தில் இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன் மூன்றும் வாங்கியும் மிச்சம் இருந்தது.

"டிராக் கூடிப்போய் வெடிச்சா?" என்றாள். ஃப்ரீஸ் என்ற வசதி ஏறக்குறைய எல்லா இசை மென்பொருளிலும் இருக்கிறது. முடிந்துபோன டிராக்கை, அதன் எஃபெக்டுகள் உட்பட, சாதாரண ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துவிடும். பிராசசருக்கு அந்த டிராக்கின் சுமை அத்தோடு நீங்கும். திருத்த வேண்டுமென்றால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது கொத்து 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தேன். ஃப்ரீஸ் பண்ணிப் பண்ணி அலுத்துப்போகிற நாளில் புது கம்ப்யூட்டர் பற்றிப் பேசலாம் என்று ஒப்பந்தம். அதற்குள் ரேம் விலையும் கொஞ்சம் இறங்கித் தொலையாதா என்று பார்க்கிறேன்.