அந்த ஓர் எழுத்து யாருடையது?

ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட வம்சாவளி ஒன்று தொங்குகிறது. ஏழு தலைமுறை, முப்பத்துச் சொச்சம் பெயர்கள். அத்தனையும் ஆண்கள். ஏழு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஆண்கள் ஆண்களையே பெற்றுப்போட்டிருக்கிறார்கள். இதற்கு 'வேர் தேடுதல்' என்று பெயர். வேர் என்றால் நாலாபக்கமும் ஓடவேண்டும். இது வேரல்ல, நட்டுவைத்த ஒற்றைக் கழி.

இந்தத் தேடலில் கைதேர்ந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால்காரர்கள். சுரங்கத் தொழில் நொடித்தபோது உலகமெங்கும் சிதறியவர்கள். நம் கோலார் தங்கவயலுக்கும் வந்தவர்கள். அவர்களின் சந்ததியார் இன்று தேவாலயங்களின் பழைய ஏடுகளைப் புரட்டிக் குடும்பப் பெயர்களைத் துரத்துகிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. டிரெ, பொல், பென் என்று பெயர் தொடங்கினால் கார்ன்வால் குடும்பம் என்பது அங்கே வழக்கு. டிரெ என்றால் குடியிருப்பு, பொல் என்றால் குளம், பென் என்றால் தலை அல்லது முனை. (தாங்கல் என்றாலும் நீர்நிலைதான். அங்கே பிறந்திருந்தால் நான் ஒரு 'பொல்' வீட்டுக்காரியாக இருந்திருப்பேன்.)

அந்த ஏடுகளில் ஒரு பெண்ணைத் தேடிப் பாருங்கள். 1813 முதல் இங்கிலாந்துத் திருச்சபையில் புழங்கிய அச்சடித்த ஞானஸ்நானப் படிவத்தில் பெற்றோர் இருவரின் பெயருக்கும் இடம் உண்டு. குடும்பப் பெயருக்கு ஒரே கட்டம். ஜான், மேரி, பக்கத்தில் ஜானின் குடும்பப் பெயர். மேரி எந்த வீட்டுப் பெண் என்று எழுதக் கட்டமே இல்லை. தொழிலுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஜானின் தொழில். மேரி சுரங்க வாசலில் சுத்தியலால் தாதுக்கல் உடைத்துக் கூலி வாங்கியவளாக இருந்தாலும் அந்தக் கட்டம் அவளுக்கானது அல்ல.

நம் ஊருக்கு வந்த ஏடுகள் இன்னும் மோசம். கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் 1680இல் எழுந்தது. பிறகு பரங்கிமலையிலும் பூந்தமல்லியிலும் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியது. கம்பெனி காலத்து இந்தியத் தேவாலயப் பதிவுகளில், சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளையின் தகப்பன் பெயரோடு இருப்பான். தாய் பல இடங்களில் வெறும் 'சுதேசிப் பெண்'. பத்து மாதம் சுமந்தவளுக்குப் பெயர் இல்லை. லண்டன் ஆவணக் காப்பகத்தில் தாத்தனைத் தேடும் பேரன் அவனைக் கண்டுபிடித்துவிடுவான். பாட்டியைக் கண்டுபிடிக்க மாட்டான்.

பெண்ணின் பெயரை எழுதியவர்களும் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. கப்பலின் பெயர் ட்ரூரோ. கார்ன்வாலில் உள்ள ஒரு நகரத்தின் பெயர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, சொந்தப் பெயர். மரியாதையால் அல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஆனாலும் நம் வம்சாவளிகள் செய்யாததை அடிமைப்படுத்த வந்த கணக்கன் செய்திருக்கிறான். பெண்ணின் பெயரை எழுத முடியவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

அங்கே போனவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடும்பப் பெயர் கேட்டது. பிள்ளையும் நாயுடுவும் கவுண்டரும் ஆங்கிலத் திரிபுகளோடு ஒட்டிக்கொண்டன, அல்லது அப்பனின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று கடவுச்சீட்டுப் படிவம் நம் பெண்களுக்கு அதையே செய்கிறது. 'சர்நேம்' என்ற கட்டத்தில் அப்பாவையோ புருஷனையோ போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

எங்களுக்குச் சாதிப்பட்டம் கிடையாது என்று தமிழ்நாட்டார் மார்தட்டுவோம். நியாயமான பெருமைதான். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை விடச் சொன்னார்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் கேட்டார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த வால் போயிற்று. முன்னால் இருந்த எழுத்தை யாரும் தொடவில்லை. கல்யாணம்வரை அப்பா, பிறகு கணவன். சட்டமும் அப்படித்தான் நின்றது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம் தகப்பன், 'அவருக்குப் பின்' தாய் என்றது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்'னுக்குத் தகப்பன் செத்த பின் என்றுதான் பொருள் கொள்ளவேண்டியதில்லை என்று விளக்கவேண்டி வந்தது. மணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்பதற்கு 2015 வரை காத்திருந்தோம்.

மேல்நாட்டுத் தோழிகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது, அதைத்தான் வீணடிக்கிறோம். அங்கே ஒரு பெண் கல்யாணத்துக்குப் பிறகும் 'தன்' குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால், அது அவள் அப்பாவுடையது. அம்மாவின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்தால், அது தாத்தாவுடையது. எப்படிச் சுற்றினாலும் ஓர் ஆணிடம் போய் முட்டும். நம் தலைப்பெழுத்து குடும்பப் பெயர் அல்ல. ஒரு தனி ஆளின் பெயர். அம்மாவின் எழுத்தைப் போட்டால் அம்மாவே வருவாள், அவளுடைய தகப்பன் வரமாட்டான். ஒக்கூர் மாசாத்தியாரை ஊரோடும் சொந்தப் பெயரோடும் சேர்த்துவைத்திருக்கிறது நம் மொழி. அவர் யாருடைய மனைவி என்று கேட்காமலே மாணவிகள் அவரைப் படித்துவிடுகிறார்கள்.

என் மகளின் விண்ணப்பத்தில் என் எழுத்தை முன்னால் போட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "அப்பா இல்லீங்களா மேடம்?" என்றார். இருக்கிறார், வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன். தாய் பெயர் என்றாலே தகப்பன் செத்திருக்கவேண்டும், அல்லது ஓடியிருக்கவேண்டும்.

குழப்பம் வரும், சான்றிதழ்கள் ஒத்துப்போகாது என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் எழுத்துக்கு மாறி, வங்கியிலும் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெண்கள் அலைகிறார்களே, அந்தக் குழப்பத்தைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. ஒற்றை எழுத்தோடும் நிறுத்தாதீர்கள். 'ம.' என்பது மரகதமா, மங்கையர்க்கரசியா என்று நூறு வருஷம் கழித்துத் தேடுகிறவளுக்குத் தெரியாது. படிவத்தில் இடம் போதாவிட்டால் ஓரத்தில், பொடி எழுத்தில், முழுப்பெயரையும் எழுதுங்கள்.