பாட்டுக்கு உரியவர் யார்?

ஏட்டில் எழுதியதே பாட்டு, நாற்று நடும்போதும் வலை இழுக்கும்போதும் பிறப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் தவறு என்று காட்டியவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு.

பொறியியல் படித்த இவர் 2018-இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்துக்குப் பாட்டு எழுதினார். 2021 மார்ச்சில், இவர் எழுதிப் பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டனர். அதன் கரு எங்கிருந்து வந்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து! நாம் கேட்க வெட்கப்படும் ஒப்பாரியின் ஓசை, உலகம் கேட்கும் இசையாயிற்று.

ஆனால் புகழோடு வழக்கும் வந்தது. 2022-இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவு இல்லாமலே பாடப்பட்டது. அப்பாடலில் தம் உழைப்பு எத்தகையது என்பதை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அது மூவரின் கூட்டு முயற்சி என்றார் இசையமைப்பாளர். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. உழைத்தவர் பெயர் விளங்கச் சொல்லப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்தது. நாட்டுப்புற மெல்லிசை பாடிய டெய்லர் ஸ்விஃப்ட், 2006-இல் தம் 16-ஆம் வயதில் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2010-இல், 20 வயதில், ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றார். அவருடைய முதல் 6 தொகுப்புகளின் மூலப்பதிவுகள் 2019-இல் பிறர் கைக்குப் போயின. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. 2021 முதல் அவற்றுள் 4 தொகுப்புகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். 2025-இல் மூலப்பதிவுகளையும் விலைகொடுத்து மீட்டார். பாடல்களை எழுதியவர் என்று அவர் பெயர் ஏட்டில் இருந்ததால் அன்றோ இது கைகூடியது? நம் பாட்டிமாருக்கு அந்த ஏடு ஏது?

"நாட்டுப்பாடல் ஊர்ப் பொது, அதற்கு உரிமையாளர் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். பழவேற்காட்டு ஏரியும் பொதுதான். ஆயினும் நம் மீனவர்கள் 'பாடு' முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று வகுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் முறையில் மற்றவர் வலை கட்டுவதில்லை. பொதுச் சொத்திலும் நியாயம் உண்டு என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்காதீர்கள். அறிவு படிப்பையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை. பாட்டி பாடும் தாலாட்டைப் பேத்தி எழுதிவைப்பது படிப்புக்குப் பகையாகாது.

அருட்சகோதரிகளே, ஆண்டு விழாவில் திரைப்பாடல் நடனங்கள் பல இடம்பெறுகின்றன. அவற்றிடையே ஓர் அம்பாப் பாட்டுக்கும் இடம் தாருங்கள்.

தோழியரே, அனுப்பம்பட்டிலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் பாடத் தெரிந்த கிழவியர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பாட்டை எழுதுங்கள். அதன்மேல் பாடியவரின் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். நாளை அது எந்த மேடைக்குப் போனாலும், அந்தப் பெயரும் கூடவே போகட்டும்!