தாயின் குரலும் தாயின்மேல் பழியும்

தாய் கூப்பிடுகிறாள், பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. காதோ நன்றாய்க் கேட்கிறது. கொஞ்சினாலும் கோபித்தாலும் முகத்தில் மாறுதலில்லை. உடனே ஜனங்கள் சொல்லும் காரணம் "முன்ஜென்ம வினை, பெற்றவள் செய்த பாவம்" என்பதுதான். பாமர மக்கள் மாத்திரந்தான் இப்படியென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேல்நாட்டுப் பண்டிதர்களும் இதே பழியை வேறு பெயரால் சுமத்தியிருக்கின்றார்கள்.

1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர் இத்தகைய 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இந்நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். அப்பிள்ளைகளில் சிலர் முதலில் காது கேளாதவர்கள் என்றே எண்ணப்பட்டவர்கள். இது பிறவியிலேயே உள்ளதென்று எழுதிய அவரே, பிற்பாடு பெற்றோரிடம் அன்பு குளிர்ந்து கிடப்பதாகவும் குறை கூறினார். 1967-ல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் என்பவரோ ஒரு பெரிய புஸ்தகமே எழுதிப் பெற்றோர் தலையில், முக்கியமாய்த் தாயின் தலையில், பழியைக் கட்டினார். ருசு என்ன? ஒன்றுமில்லை. பெரியவர் சொன்னார், மற்றவர்கள் நம்பினார்கள். புராணத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, 1977-ல் லண்டனில் வெளியான ஆராய்ச்சியில் 21 ஜோடி இரட்டையர்கள் சோதிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே அது இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. வளர்ப்புதான் காரணமென்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

அன்றியும், 2013-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் ஆட்டிசமுள்ள 20 பிள்ளைகளின் மூளையையும் மற்ற 19 பிள்ளைகளின் மூளையையும் காந்தப் படக்கருவியால் ஒத்துப் பார்த்தார்கள். மனிதக் குரலை இனங்காணும் பகுதிக்கும், இன்பத்தையும் உணர்ச்சியையும் எழுப்பும் பகுதிகளுக்கும் உள்ள இணைப்பு ஆட்டிசமுள்ளவர்களிடம் மெலிந்திருந்தது. மெலிவு அதிகமான பிள்ளைகளுக்குப் பிறரோடு பேசிப் பழகுவதிலும் சிரமம் அதிகம். ஆகவே, குரல் காதில் விழுந்தும் அதன் இனிமை போய்ச் சேரும் வழி குறுகலாயிருக்கலாமென்று கருத இடமுண்டு. இச்சிறு ஆராய்ச்சியே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இதற்குக் கண்ணால் பார்க்கத்தக்க ஆதாரமிருக்கிறது.

எனவே, திரும்பிப் பாராத பிள்ளையை அடிப்பதும், பூசாரியிடம் இழுத்துப் போவதும், பெற்றவளைத் தூற்றுவதும் அறிவுடைமையாகுமா? அப்பிள்ளையின் போக்கறிந்து பழகுவதும், பழக்கத் தெரிந்த ஆசிரியரைத் தேடுவதுமே செய்யத்தக்க காரியமாகும். ஆதாரமின்றிப் பழி சுமத்துகிறவன் மந்திரவாதியானாலென்ன, பட்டம் பெற்ற பண்டிதனானாலென்ன என்றுதான் கேட்கின்றோம்.