காதுக்கருவி வாங்கப் போகிறீர்களா?



இம்முறை வயர் இல்லாத காதுக்கருவியைப் பற்றி எழுதுகிறோம். கடையில் 'இயர்பட்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். யேர்மனிக்குப் புதிதாக வந்த எங்கள் குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசிதான் ஊரோடு கதைக்கும் வழி, பாஷை படிக்கும் வகுப்பு, பிள்ளைகளின் பொழுதுபோக்கு எல்லாமே. இரவு வேலை முடித்து வந்த ஒருவர் படுத்திருக்க, அதே அறையில் இன்னொருவர் ஊரில் உள்ள அம்மாவோடு கதைக்க வேண்டியிருக்கும். ஆகவே இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 20 யூரோவுக்கும் இருக்கிறது, 200 யூரோவுக்கு மேலேயும் இருக்கிறது. எதை எடுப்பது?

பெயரைப் பார்த்து எடுக்க வேண்டாம். யார் போடப் போகிறார், எங்கே போடப் போகிறார் என்று முதலில் யோசியுங்கள்.

வடிவத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது, முனையில் மெல்லிய சிலிக்கன் உறை உள்ளது. காதுத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், வெளிச்சத்தம் குறையும். பெட்டிக்குள் மூன்று நான்கு அளவில் உறைகள் தருவார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, காதுக்குப் பொருந்துவதை வைத்துக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பாட்டு வடிவாகக் கேட்காது. இரண்டாவது, உறை இல்லாமல் காதில் சும்மா தங்கி நிற்பது. மூன்றாவது, காதின் மேல் கொளுவி, துவாரத்தைத் திறந்தபடி விடுவது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு சமைக்கும் தாய்க்குப் பின்னைய இரண்டும் நல்லது. பிள்ளை அழுதாலும், வாசல் மணி அடித்தாலும் கேட்கும். சைக்கிளில் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வீதிச் சத்தம் கேட்காத அளவுக்குக் காதை அடைத்துக்கொண்டு ஓடினால் பொலிஸ் தண்டம் எழுதலாம்.

அடுத்தது, இரைச்சலை அடக்கும் வசதி. கருவியில் உள்ள நுண்ணிய மைக் வெளிச்சத்தத்தை வாங்கி, அதற்கு எதிரான அலையைக் காதுக்குள் விடுகிறது. ரெயினின் உறுமல், காற்றாடியின் இரைச்சல் போன்ற ஒரே சீரான சத்தத்தை இது நன்றாகக் குறைக்கும். ஆட்களின் பேச்சையும் இரும்பு விழும் திடீர்ச் சத்தத்தையும் அவ்வளவாகக் குறைக்காது. தினமும் நீண்ட நேரம் ரெயினில் போகிறவருக்கு இந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, சத்தத்தைக் கூட்டாமலே கேட்கலாம். வீட்டிலிருந்து கதைப்பதற்கு மட்டும் என்றால் அது தேவையில்லை.

உங்கள் தொலைபேசியையும் பாருங்கள். அப்பிள் எயர்பொட்ஸ் மற்றத் தொலைபேசிகளோடும் வேலை செய்யும். ஆனால் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறுவது போன்ற வசதிகள் அப்பிள் சாமான்களோடுதான் கிடைக்கும். அண்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருப்பவர் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

பெட்டியில் '30 மணித்தியாலம்' என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். அது அநேகமாகச் சார்ஜ் பெட்டியையும் சேர்த்த கணக்கு. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் காதில் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று கேளுங்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் இக்கருவிகள் யூ.எஸ்.பி-சி வயரால் சார்ஜ் ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய சரக்கை மலிவாக விற்பவரிடம் வாங்கும்போது இதைப் பாருங்கள்.

பற்றுச்சீட்டைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள். புதுச் சாமானுக்கு விற்றவர் 2 வருடம் பொறுப்பு. கடையில் 'கெவேர்லைஸ்ருங்' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். முதல் வருடத்துக்குள் பழுது தெரிந்தால், சாமான் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். 'கொம்பனிக்கு எழுதுங்கள்' என்று தட்டிக்கழித்தால் விட்டுவிட வேண்டாம். எது நல்லது என்று அறிய, 1964இல் தொடங்கப்பட்ட 'ஸ்ரிவ்ருங் வாறென்ரெஸ்ற்' என்ற அமைப்பின் பரிசோதனை முடிவுகளைப் பாருங்கள். அதன் சஞ்சிகையைப் பல நகர நூலகங்களில் இலவசமாகப் படிக்கலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களில் சிலர், கொம்பனி தரும் காதடைப்பானைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு மெசினில் நிற்கிறார்கள். 'இரைச்சலை அடக்கும்தானே' என்கிறார்கள். அப்படி அல்ல. சாதாரண காதுக்கருவி பாதுகாப்புச் சாதனமாகச் சோதிக்கப்பட்டது அல்ல. மெசின் சத்தத்துக்கு மேலே பாட்டும் சேரும். பின்னால் வரும் ஸ்ராப்ளர் வண்டியின் எச்சரிக்கை கேட்காமலும் போகலாம். இங்குள்ள சட்டப்படி சத்தம் 80 டெசிபலுக்கு மேல் போனால் முதலாளி காதுப் பாதுகாப்புத் தர வேண்டும். 85இல் இருந்து நாங்கள் அதைப் போட்டே ஆகவேண்டும். வேலைச் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை யேர்மனியில் 2301ஆம் இலக்கத் தொழில் நோயாகப் பதிவில் உள்ளது. 'சத்தம் எனக்குப் பழகிவிட்டது' என்பவருக்குக் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருக்கவும் கூடும். உட்காதில் அழிந்த கலங்கள் திரும்ப வளர்வதில்லை. பாஷை தெரியாத நாட்டில் காதும் கேட்காமல் போனால் எங்கள் நிலை என்ன?

பிள்ளைகளுக்கும் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். பல கைத்தொலைபேசிகளில் சத்தத்துக்கு எல்லை போடும் இடம் இருக்கிறது. பிள்ளையின் கையில் கொடுக்க முன் அதைப் போட்டுவிடுங்கள்.

வீட்டில் கதைக்கவும் பாடம் கேட்கவும் என்றால் மைக் நல்லதாக உள்ள, விலை குறைந்த ஒன்று போதும். ரெயின் பயணத்துக்கு இரைச்சல் அடக்குவதை எடுங்கள். வேலைத்தலத்தில் மைஸ்ரரிடம் கேட்டு வாங்கிய காதடைப்பானையே போடுங்கள், அதற்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.