விலைமனுக் கோப்பைக் கேளுங்கள்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் டீசல் கடல் கடந்து போக வேண்டும். இலங்கையின் பிரதான மின் வலையமைப்போடு இணைக்கப்படாத தீவுகள் அவை. காற்று, சூரிய ஒளி, பற்றரி மூன்றையும் சேர்த்து அங்கேயே மின்சாரம் எடுக்கலாம் என்று திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அந்த வேலையை சினோசோர்-ஈடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. சில நாட்களிலேயே எங்கள் தீவுகளின் பெயர் கொழும்பிலும் சென்னையிலும் டெல்லியிலும் அச்சேறியது. தமிழகக் கரையிலிருந்து 50 கிலோமீட்டரில் சீனா வந்துவிட்டது என்பதுதான் செய்தி. நான் வாசித்தவற்றில் அந்தத் தீவுகளில் குடியிருக்கும் சனத்தின் மின்சாரத்தைப் பற்றி ஒரு பந்திக்கு மேல் கண்டதில்லை.

நான் வடக்கில் அரச அலுவலகங்களில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். விலைமனுப் பெட்டி திறக்கும் மேசையில் இருந்திருக்கிறேன். குறித்த நேரம் முடிந்ததும் பெட்டியின் முத்திரையை உடைப்போம். விலைமனு போட்டவர்களின் ஆட்கள் முன்னால் இருப்பார்கள். உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் என்ன, தொகை எவ்வளவு, கழிவு உண்டா, பிணைமுறி வைத்திருக்கிறாரா என்று எல்லோரும் கேட்க வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் வைப்போம். அதன் பிறகு மதிப்பீட்டுக் குழு உட்காரும். கேட்ட தரத்தில் இயந்திரம் தருகிறாரா, முன்பு இதுபோல் வேலை செய்து முடித்திருக்கிறாரா, உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், உத்தரவாதம் எதற்கெல்லாம் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒருவரைத் தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று எழுத வேண்டும். ஒரு ஒப்பந்தம் நேர்மையாகக் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதை அந்தக் கோப்பு சொல்லும். ஒப்பந்தக்காரரின் நாட்டுக் கொடி அதைச் சொல்லாது.

தீவுகளின் திட்டத்துக்குப் பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவில் வந்தது. சர்வதேச அளவில் விலைமனு கோரப்பட்டது. இந்தியாவும் சீனாவும் அந்த வங்கியில் உறுப்பு நாடுகள்; இரண்டு நாட்டு நிறுவனங்களும் போட்டியிடலாம். அப்படியிருக்க, ஒரு செய்தியாளர் முதலில் கேட்டிருக்க வேண்டியவை இவை: எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? வென்றவரின் விலைக்கும் அடுத்தவரின் விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு? இன்னொரு கேள்வியும் இருந்தது, அதைக் கேட்காமல் விட்டதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தால் உருவான தேசிய கொள்வனவு ஆணைக்குழு, 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்தோடு இல்லாமல் போனது. அரசாங்கம் வாங்கும் எதையும் மேற்பார்க்க ஒரு சுயாதீன அமைப்பு இல்லாத காலத்தில் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் இது. 2022இல் 21ஆவது திருத்தம் ஆணைக்குழுவைத் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் கொடுக்கப்பட்ட ஒப்பந்தங்களை எந்தப் பத்திரிகையாவது வரிசையாக எடுத்துப் பார்த்ததா?

2021 டிசம்பர் தொடக்கத்தில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டது என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டியோடு நல்லூர்க் கந்தனை வணங்கிய அவருடைய படம் எங்கும் வந்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்திய நன்கொடையில் செய்வதென்று உடன்படிக்கை ஆனது. அதன் பிறகும் இரண்டு வருடம் போய், 2024 மார்ச்சில்தான் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்றில் 530 கிலோவாட், சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், 2,400 கிலோவாட்-மணி பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். நன்கொடை ஏறத்தாழ 1.1 கோடி அமெரிக்க டொலர்.

முதல் ஒப்பந்தத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மூன்று வருடம். நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 அந்த மூன்று வருடத்துக்குள் அடக்கம். இந்தியா வென்றது, சீனா தோற்றது என்று எழுதியவர்கள், அந்தக் காலத்தில் தீவுகளுக்கு ஏற்றிய டீசலுக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கவில்லை. தாமதத்தின் செலவு எந்த விலைமனுவிலும் இராது. அதைச் செய்தியாளர்தான் தேடி எழுத வேண்டும்.

இந்தியாவின் பாதுகாப்புக் கவலையை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் போனதைப் பார்த்த அயல்நாடு பயப்படுவது நியாயம். ஆனால் அந்தப் பயம் மட்டுமே செய்தியானால், நட்பு நாட்டுக்காரர் வரும்போது நாங்கள் கோப்பைத் திறக்கவே மறந்துவிடுவோம். மன்னாரில் அதுதான் நடக்கப் பார்த்தது.

2022 ஜூன் 9ஆம் திகதி மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி விலைமனு என்ற கட்டாயத்தைப் பாராளுமன்றம் தளர்த்தியது. மறுநாள் பாராளுமன்றத்தின் கோப் (பொது முயற்சியாண்மைகள் பற்றிய) குழுவின் முன், மன்னார் காற்றாலையை அதானி குழுமத்துக்குக் கொடுக்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்தியதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று மின்சார சபைத் தலைவர் கூறினார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் சொன்னதை வாபஸ் பெற்று, சில நாளில் பதவி விலகினார். யார் சொன்னது, யார் மறுத்தது என்றே பல நாள் செய்தி ஓடியது. 2024 மே மாதம் மன்னார், பூநகரி இரண்டிலும் சேர்த்து அதானியின் 484 மெகாவாட்டுக்கு அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 20 வருடத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. புதிய அரசாங்கம் விலையை மறுபடி பார்க்கத் தொடங்க, 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு முறைப்படி விலைமனு கோரியபோது உள்ளூர் நிறுவனமொன்று கொடுத்த விலை 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவு வேறு, நிபந்தனைகளும் வேறு, நான் மறைக்கவில்லை. என்றாலும் அது கிட்டத்தட்ட பாதி விலை. போட்டி விலை எங்கே என்று 2022 ஜூனிலேயே ஒரு செய்தியாளர் கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்குக் கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் யாழ்ப்பாணத்து நிருபருக்கும் உரியது. ஒப்பந்தம் முடிவானதும் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு ஒரு விண்ணப்பம் போடலாம். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், மறுத்ததையே செய்தியாகவும் போடலாம். ஆசிரியர்கள் அதற்கு நிருபருக்கு நாள் கொடுக்க வேண்டும். மூன்று தீவுகளின் விடயத்தில் முதல் விண்ணப்பத்துக்கு என்னிடம் கேள்விகள் தயார்: அந்தப் பற்றரிகளின் உத்தரவாதம் எத்தனை வருடம்? ஆயுள் முடிந்தால் மாற்றும் பணம் யாருடைய கணக்கில் வரும்? காற்றாடி பழுதானால் திருத்தத் தீவுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?