எங்கள் வயலிலிருந்து போனது

போன சித்திரையில் பழைய பம்புசெட் கொட்டகையைப் பிரித்தோம். ஓடு இறக்கிக்கொண்டிருந்தவர் மூலையிலிருந்து துருப்பிடித்த தகர டப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது என்னங்க?" என்றார். மூடியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பூசணம் பூத்த சாக்கு மாதிரி அந்த நெடி வந்துவிட்டது. பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர். அப்பா வாங்கி வைத்தது. அவர் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. டப்பாவில் கால்வாசி அப்படியே இருந்தது.

அப்போது எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். வாய்க்காலில் கொட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வர இன்னும் இரண்டு மாசம் இருந்தது. தண்ணீர் ஓடியிருந்தால் சொல்லியிருப்பேன், அவரும் கொட்டியிருப்பார்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. இங்கே வடிகிற தண்ணீர் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போய்ச் சேரும். அதற்குக் கிழக்கே கோடியக்கரை. கார்த்திகை, மார்கழியில் போனால் சதுப்பில் பூநாரையும், கரையோரம் ஆலாவும் கடற்காக்கையும் கூட்டங்கூட்டமாக நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எங்கள் வயலின் கடைசி வரப்பு உண்மையில் அங்கேதான் முடிகிறது என்பது மட்டும் அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள மெனக்கெடவும் இல்லை.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு 1960-ல் பேக்கேஜ் திட்டம் வந்தது. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் சேர்ந்து வந்தன. பின்னால் ஆடுதுறை 27 நெல் ரகம் வந்தது. ஊர் பசியோடு இருந்த காலம் அது. அந்தத் திட்டத்தையோ கொண்டுவந்தவர்களையோ குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் உறுத்துகிறது. ஒரு மூட்டை தூவச் சொன்ன இடத்தில் ஒன்றரை தூவினோம். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிற சத்தம் கேட்டால், புகையான் இருக்கிறதா என்று தூரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாங்களும் அடித்தோம். உரக்கடையில் போய் நின்றால், "எது நல்லா கேக்கும்?" என்பதுதான் எங்கள் ஒரே கேள்வி. அடித்தது எங்கே போகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ரெண்டு நாளில் நெடி போய்விடும். நெடி போனால் மருந்தும் போய்விட்டது என்றே நம்பினோம், அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நானும் கூட்டாளிகளும் வடிகால் மதகில் எண்டோசல்பானைக் கலந்து மீன் பிடித்திருக்கிறோம். குரவையும் கெண்டையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து வரும். பெரிய மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு பொடியை விட்டுவிடுவோம். மடையான்கள் இறங்கிப் பொறுக்கும். "அதுங்களும் சாப்பிடட்டும்டா" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல மனசோடுதான் சொன்னேன். அவை பொறுக்கிய மீன் கூட்டில் காத்திருந்த குஞ்சுகளின் வாய்க்குப் போயிருக்கும் என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்து பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

நாங்கள் நம்பியதற்கு மாறானது இந்த நஞ்சுகளின் குணம். டிடிடி, பி.எச்.சி., மின்மாற்றி எண்ணெயில் கலந்திருந்த பிசிபி எல்லாம் மக்குவதற்கு ஆண்டுக்கணக்காகும். தண்ணீரில் எளிதில் கரையாமல் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் போகப் போக அடர்ந்துகொண்டே ஏறும். பறவைக்குள் ஏறினது வெளியே போக ஒரு வழி உண்டு, அது முட்டை. மஞ்சள் கருவில் கொழுப்பு நிறைய உண்டே. தாய் தன் உடம்பில் சேர்ந்ததைத் தனக்குத் தெரியாமலே அதில் வைத்துக் கொடுத்துவிடுகிறது.

தென்னிந்தியப் பறவைகளின் உடலில் இந்த நஞ்சுகளை அளந்து ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் ஊரிலேயே தங்கி வாழும் பறவைகளில் இருந்த பி.எச்.சி. அளவு, உலகில் மற்ற இடங்களில் அளந்ததையெல்லாம் விட அதிகம். பிசிபியால் ஆபத்து இருக்கலாம் என்று அவர்கள் சொன்ன பறவைகளில் மடையானும் ஒன்று. இதையெல்லாம்விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விவரம்: பெட்டைகளின் உடம்பில் நஞ்சு குறைவு, சேவல்களில் அதிகம். பெட்டையின் உடம்பில் குறைந்தது எங்கே போயிருக்கும்?

குஞ்சுகளை என்ன செய்யும் என்பதைக் கடற்பறவைகள்தான் உலகத்துக்குக் காட்டின. கலிபோர்னியாவுக்கு அருகே அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் அடைகாக்க உட்கார்ந்தபோது, தாயின் எடைக்கே முட்டைகள் நொறுங்கின. டிடிடி உடம்புக்குள் மாறி, ஓட்டில் சுண்ணாம்பு சேர்வதைக் கெடுத்திருந்தது. 1970-ல் 552 ஜோடிகள் கூடுகட்டி, தேறியது ஒரே ஒரு குஞ்சு. வட அமெரிக்காவின் பேரேரிகளில் பிசிபி அதிகமிருந்த இடங்களில், அலகு குறுக்கே மடங்கிய நீர்க்காகக் குஞ்சுகள் பொரித்தன. அதே ஏரிகளில் கடற்காக்கைக் குஞ்சுகளையும் காஸ்பியன் ஆலாக் குஞ்சுகளையும் சோதித்தபோது, நஞ்சு கூடக் கூட அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தி மங்கியிருந்தது. காஸ்பியன் ஆலா நமக்குத் தெரியாத பறவை இல்லை. செக்கச் சிவந்த பருத்த அலகோடு குளிர்காலத்தில் கோடியக்கரையில் நிற்கிறதே, அதே இனம்தான்.

பார்வைக்கு நன்றாக இருக்கும் குஞ்சும் தப்பியதாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் நெடும்பயணத்தில் இரை கிடைக்காமல் இளைக்கும்போது, சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். கொழுப்பில் அடங்கிக் கிடந்த நஞ்சு அப்போது ரத்தத்துக்கு வரும். அந்தக் குஞ்சு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும் நேரமும் அதுதான்.

பேரேரிகளின் பிசிபி அந்த ஊர்த் தொழிற்சாலைகளின் கணக்கு. அதை நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நம் கணக்கும் நம் எல்லையோடு நிற்கவில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தைச் சுற்றி, நெல்வயலில் போட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்று ஆராய்ந்தவர்கள் 1991-ல் முடிவை எழுதினார்கள். முகத்துவாரத்துக்கு வடிந்தது 0.4 விழுக்காடுதான். மீதி 99.6 விழுக்காடும் காற்றில் ஏறிவிட்டது. நம் வெயில் அதைக் கிளப்பிவிட்டது. அப்படிக் கிளம்பும் ஆவி காற்றோடு நகர்ந்து, குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி எழும்பி, கடைசியில் வடதுருவம் வரை போய்ப் படிகிறது. வயலையே பார்த்திராத ஊர்களின் கடற்பறவை முட்டைகளிலும் பி.எச்.சி. இருக்கிறது. ரெண்டு நாளில் நெடி போய்விடும் என்று நிம்மதியாக இருந்தோமே, போன நெடி இதுதான்.

விவசாயத்தில் டிடிடிக்கு 1989-ல் தடை வந்தது. பி.எச்.சி.க்கு 1997-ல், எண்டோசல்பானுக்கு 2011-ல். ஒவ்வொரு தடை வந்தபோதும் நாங்கள் செய்தது ஒன்றேதான். கடையில் வேறு பெயர் போட்ட பாட்டிலை வாங்கினோம், பழைய டப்பாவை மூலையில் தள்ளினோம், மறந்தோம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் இயற்கை விவசாயம் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நானும் ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், கண்கூடக் கலங்கினேன். அந்த வாரமே கதிர்நாவாய்ப் பூச்சிக்கு மருந்து அடித்தேன். அவர் 2013-ல் போய்ச் சேர்ந்தார். அவர் படத்துக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போதும் போகியன்று தெருவில் பழைய டயரையும் பிளாஸ்டிக் பையையும் பிள்ளைகள் கொளுத்துகிறார்கள். நாம் பக்கத்தில் நின்று குளிர்காய்கிறோம். அந்தப் புகையில் பிறக்கும் டயாக்சினும் இதே சாதிதான், மக்காது, கொழுப்பில் தங்கும். எங்கள் தெருவில் போன போகிக்கு டயரை மட்டும் நிறுத்தினோம். பையை நிறுத்த முடியவில்லை.

நிறுத்தினால் பலன் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சீனா 1983-ல் பி.எச்.சி.யைக் கைவிட்டபோது, வடதுருவக் காற்றில் அதன் அளவு மளமளவென்று இறங்கியது. அனகாபா தீவில் கூழைக்கடாக்கள் திரும்பவும் ஆயிரக்கணக்கில் கூடுகட்டுகின்றன. எங்கள் பக்கம் உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் தண்ணீர் நிறைந்துவிட்டால், மரம் தெரியாமல் நத்தைகுத்தி நாரைகள் கூடுகட்டுகின்றன. அவை குஞ்சுகளுக்குக் கொண்டுபோவது சுற்றுப்பட்டு வயல்களின் நத்தையை. என் வயல் நத்தையும் அதில் இருக்கலாம்.

சென்ற சம்பாவில் ஒரு மாவில் மட்டும் மருந்து அடிக்காமல் பார்த்தேன். வரப்பில் தட்டைப்பயறு போட்டேன், பூச்சியைத் தின்ன வரும் கரிச்சான் குருவி உட்கார வயலுக்குள் குச்சி நட்டேன், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். இலைச்சுருட்டுப் புழு வந்தபோது மூன்று நாள் தூக்கம் வரவில்லை. உரக்கடைக்குப் போக வண்டியைக்கூட எடுத்துவிட்டேன். மனைவிதான், "குருவி உக்காந்திருக்குங்க, ரெண்டு நாள் பாப்போமே" என்றாள். விளைச்சல் கொஞ்சம் குறைந்தது. மீதி வயலில் மருந்து அடித்துத்தான் அறுத்தேன். இந்த வருஷம் மூன்று மா என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொட்ட முடியாது, புதைத்தால் ஊற்றில் இறங்கும், எரித்தால் இன்னும் மோசம். எங்கே ஒப்படைப்பது என்று வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் டப்பாவை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் வைத்து, சிமெண்டுத் தரையுள்ள அறையில் உயரமாக ஏற்றியிருக்கிறோம். டிரம்மின் மேல் பெரிய எழுத்தில் "பி.எச்.சி. விஷம். வாய்க்காலில் கொட்டாதே" என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தாத்தாவோடது இன்னும் வேற எங்கயாவது இருக்காப்பா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் பழைய பத்தாயத்தின் அடியில் தேடப் போகிறோம்.